வாயூறும் நீர்



கோடைக்காலத்தில் சித்தூர் நகர வீதிகளில் நடப்பவர், மாங்காய் வண்டியைக் காணாமல் ஊரைக் கடந்துவிட இயலாது. கிளிமூக்கு என்று நாமும், தோத்தாபுரி என்று அவ்வூராரும் அழைக்கும் பச்சைக் காயைத் தோலோடு நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பையும் மிளகாய்த் தூளையும் தடவி, காகிதத் துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். கடித்ததும் பல் கூசும். கண் தானாக மூடிக்கொள்ளும்.

இப்போது ஒரு சிறு கேள்வி. இவ்வளவும் நாம் சொன்னது சொற்களால்தான். தங்கள் வாயில் மாங்காயை யாரும் வைக்கவில்லை. அது தங்கள் கண்ணெதிரிலும் இல்லை. ஆயினும் நாவின் அடியில் சற்றே ஈரம் கூடியதா, இல்லையா? தில்லியிலோ, புனேயிலோ, கல்கத்தாவிலோ இருந்துகொண்டு, சித்தூர் மாங்காயின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஊறிய அந்த நீரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி ஆற்றி வருகிறோம். இப்பொருள் முதலில் ஒரு சொல்லாகவே எம் மேசைக்கு வந்தது. உடல்நலத்தைப் பற்றிய துண்டு வெளியீடு ஒன்றைத் தமிழாக்க வேண்டியிருந்தது. அதில் வந்த 'சலைவா' என்பதை எச்சில் என்பதா, உமிழ்நீர் என்பதா? பக்கத்து மேசையில் அதே வெளியீட்டைத் தெலுங்கில் பெயர்த்துக் கொண்டிருந்த நண்பர், "எங்களுக்கு இத்தொல்லை இல்லை, 'லாலாஜலம்' என்று வடமொழியில் எழுதிவிடுவோம்" என்றார். வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே, "உம்மி" என்றார். நம் உமிழ்தலுக்கு நெருங்கிய உறவுச் சொல்தான் அது. எச்சில் என்பதோ 'எஞ்சு' என்பதன் வழி வந்தது. உண்டு எஞ்சியதைக் குறிப்பது. தெலுங்கில் அதனை 'எங்கிலி' என்பர். எஞ்சிய பண்டத்தின் பெயர் வாயின் நீருக்கும் வந்து சேர்ந்ததால், ஒரு நல்ல பொருளுக்கு இழுக்கு நேர்ந்துவிட்டது. வெளியேறிய பின்னரே அது எச்சில். வாய்க்குள் இருக்கும்வரை உமிழ்நீர் என்று நாமே ஒரு வரம்பு கட்டிக்கொண்டு அவ்வெளியீட்டை முடித்தோம். திருக்குறளின் காமத்துப்பாலில் காதலியின் வாயூறிய நீரைப் போற்றும் குறள் ஒன்று உண்டு என்பதையும் எச்சில் என்று முகம் சுளிப்பவர் நினைவில் வைப்பது நன்று.

சொல்லாக வந்தது அடுத்த ஆண்டே துயராக வந்தது. சித்தூரில் எமது பெரியப்பா தனியே வசித்து வருகிறார். 1911ஆம் ஆண்டில் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தபோது, வீட்டுக்குள் தமிழும் வாசலுக்கு வெளியே தெலுங்குமாக வாழ்ந்த பல குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. பெரியப்பா பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா மறைந்து சில காலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இருவரும் வெளி மாநிலங்களில். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம். "சாப்பிட்டீர்களா, பெரியப்பா?" என்போம். "ஆயிற்று" என்பார். பிறகு ஒருநாள், "சோறு மணலாக இருக்கிறது, தம்பி" என்றார். துணையை இழந்த துயரம் என்று நாங்கள் எல்லோரும் கருதினோம். சமைக்கும் அம்மாளை மாற்றினோம். அவர் இளைத்துக்கொண்டே வந்தார்.

அவருக்கு நேர்ந்தது யாது என்பதை அறிய, வாயின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

உமிழ்நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று இணை. அவற்றுள் பெரியது காதின் முன்னும் கீழும், கன்னத்தின் பின்புறத்தில் அமைந்திருப்பது. மேனாட்டார் அதற்கு இட்ட 'பரோட்டிட்' என்னும் கிரேக்கப் பெயருக்குக் 'காதருகில் உள்ளது' என்பதே பொருள். ஆதலால் செவியடிச் சுரப்பி என்று நாம் வழங்கலாம். இதிலிருந்து புறப்படும் குழாய் சுமார் இரண்டு அங்குல நீளம் கன்னத்தின் வழியே முன்னோக்கி வந்து, கன்னத் தசையைத் துளைத்து, மேல்வரிசையில் இரண்டாம் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே திறக்கிறது. நாவின் நுனியால் அவ்விடத்தைத் தடவினால் கடுகளவு மேடு ஒன்று தட்டுப்படும். அதுவே அதன் மடைவாய்.

அம்மடையைக் கண்டறிந்தவர் நிக்கோலாஸ் ஸ்டெனோ என்னும் தேனிய இளைஞர். 1660இல், தம் இருபத்திரண்டாம் வயதில், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்க்கையில் கண்டார். தங்க இடம் கொடுத்திருந்த ஆசிரியரோ, கண்டவர் தாமே என்று வழக்காடினார்! எனினும் குழாய் இன்றும் இளைஞரின் பெயராலேயே வழங்குகிறது.

செவியடிச் சுரப்பியில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. முகத் தசைகளை இயக்கும் நரம்பு இச்சுரப்பியின் ஊடே நுழைந்து, அங்கேயே கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. ஆயினும் இச்சுரப்பிக்கு ஒரு கட்டளையும் அது இடுவதில்லை. காட்பாடியிலிருந்து சித்தூர் வழியே திருப்பதி செல்லும் இருப்புப்பாதையில், சிறு நிலையங்களை நில்லாமல் கடக்கும் விரைவு வண்டியைப் போன்றது அது. சுரப்பிக்குரிய கட்டளை மூளையின் ஒன்பதாம் நரம்பு வழியாக வேறு பாதையில் வந்து சேர்கிறது. இங்கே கத்தி வைக்கும் அறுவை மருத்துவர் முதலில் அஞ்சுவது இந்த முக நரம்புக்கே. அது அறுபட்டால் முகம் ஒருபுறம் தொய்ந்துவிடும்.

இரண்டாம் இணை கீழ்த்தாடைக்கு அடியில் உள்ளது. அதன் குழாய், நாவைக் கீழே பிணைக்கும் நரம்பு போன்ற மடிப்பின் இருமருங்கிலும் திறக்கிறது. இங்கிலாந்தின் தாமஸ் வார்ட்டன் 1656இல் இதனை விளக்கினார். மூன்றாம் இணை நாவின் அடியில், வாயின் தரையில் கிடப்பது, உருவில் சிறியது, பல சிறு குழாய்கள் கொண்டது. இவையன்றி உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் சுமார் 600 முதல் 1000 வரை நுண்ணிய சுரப்பிகள் பரவிக் கிடக்கின்றன.

இவற்றின் வேலைப் பங்கீடும் ஒரே சீரானதன்று. நாம் சும்மா இருக்கும்போது ஊறும் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தருவது தாடையடிச் சுரப்பி. உண்ணத் தொடங்கியதும் செவியடிச் சுரப்பி முந்திக்கொண்டு பாதிக்கு மேல் தருகிறது. முன்னது சற்றுக் குழகுழப்பானது. பின்னது தெளிந்த நீர் போன்றது. மாங்காயைக் கடித்தவுடன் காதடியில் சுருக்கென்று இழுக்கிறதே, அது செவியடிச் சுரப்பி விழித்தெழும் ஓசை எனலாம். தாடையடிக் குழாயோ கீழிருந்து மேல் நோக்கி ஏற வேண்டியது, நீரும் தடித்தது, சுண்ணச்சத்தும் மிகுந்தது. ஆதலின் உமிழ்நீர்க் குழாயில் கல் அடைப்பவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அக்கல் இங்கேயே அகப்படுகிறது. உணவு வேளையில் தாடையடி வீங்கி வலித்து, உண்டபின் மெல்ல வற்றுமாயின், கல்லோ என்று ஐயுற வேண்டும்.

செவியடிச் சுரப்பியைப் பற்றி நம் பாட்டிமார் நன்கறிந்த நோய் பொன்னுக்குவீங்கி. தெலுங்கில் 'கவத பில்லலு' என்பர். காதடி வீங்கி, காதின் சோணை மேலெழும்பி நிற்கும். புளிப்பை உண்டால் வலி மிகும். சுரப்பி சுரக்க முயல்வதே அதற்குக் காரணம். வீங்கிய கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அணிவித்தவர் அன்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் பொன் அங்கே யாதொன்றும் செய்வதில்லை. பெரும்பாலும் நோய் தானே தணிந்துவிடுகிறது. புகழ் சங்கிலிக்குப் போகிறது. இந்நோய்க் கிருமி பரவுவதும் உமிழ்நீரின் வழியேதான். வளர்ந்த ஆடவருக்கு வந்தால் விதைகளைத் தாக்கலாம்; சிலருக்குச் செவிப்புலன் கெடுவதும் உண்டு. 2017 முதல் அரசு இலவசமாக நாடெங்கும் இட்டு வரும் மணல்வாரி, ரூபெல்லா தடுப்பூசியில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து சேர்க்கப்படவில்லை. மூன்றும் அடங்கிய ஊசியைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

இனி நீருக்கு வருவோம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் நீர். எஞ்சிய ஒரு பங்குக்கும் குறைவான பொருளில்தான் அத்தனை திறமும் அடங்கியிருக்கிறது. சோடியம், பொட்டாசியம், சுண்ணச்சத்து, பாஸ்பேட், காரத்தன்மை கொண்ட பைகார்பனேட் ஆகிய உப்புகள். வழுவழுப்பைத் தரும் மியூசின். மாப்பொருளைக் கரைக்கும் அமிலேஸ். கிருமிகளின் சுவரைத் தகர்க்கும் லைசோசைம். நோய் எதிர்க்கும் புரதங்கள். லைசோசைமை 1921இல் கண்டவர் அலெக்சாந்தர் பிளெமிங். பென்சிலின் கண்ட அதே பெருந்தகைதான்.

சுரப்பியின் உள்ளே நீர் உருவாகும் விதம் இரண்டு படிகளைக் கொண்டது. திராட்சைக் கொத்துப் போன்ற நுண்ணறைகளில் முதலில் ஊறும் நீர், குருதிநீரைப் போலவே உப்புடையது. குழாய்களின் வழியே வரும்போது அக்குழாய்களின் சுவர்கள் உப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. வாய்க்கு வந்து சேர்வது உப்புக் குறைந்த நீர். இச்சிக்கனம் எதற்கு? வாயின் நீர் குருதியளவு உப்பாக இருப்பின், ரசத்தில் உப்புக் குறைவா கூடுதலா என்று நாம் அறியவே இயலாது. வெள்ளைத் தாளில் எழுதினால்தானே எழுத்துத் தெரியும்?

அமிலேஸின் வேலையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிடி வெறும் சோற்றை, குழம்பின்றி, விழுங்காமல், இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். மெல்ல இனிக்கத் தொடங்கும். சோற்றின் மாப்பொருள் சர்க்கரையாகச் சிதைவதே அவ்வினிப்பு. உமிழ்நீருக்கு இத்திறம் உண்டு என்பதை ஜெர்மானியரான லாய்க்ஸ் 1831இல் எடுத்துரைத்தார். 2007இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, மாப்பொருளை மிகுதியாக உண்டுவந்த மக்களினங்களில் இந்த அமிலேஸை ஆக்கும் மரபணுவின் படிகள் சராசரியாக மிகுந்திருப்பதைக் காட்டியது. சோறுண்ணும் நம்மவர்க்கு இது இனிய செய்தி.

பற்களுக்கு உமிழ்நீர் செய்யும் ஊழியம் இதனினும் பெரிது. இனிப்பு உண்டபின் வாயிலுள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமில அளவைக் குறியீடு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, பைகார்பனேட்டால் அதனை முறித்து, இழந்த சுண்ணச்சத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்கு மீட்டுத் தருகிறது. உறக்கத்தில் சுரப்பு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இரவில் லட்டுவைத் தின்றுவிட்டு வாய் கொப்புளிக்காமல் படுப்பவர், காவலர் இல்லாத வேளையில் கதவைத் திறந்து வைப்பவரே. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டுவுக்கும் இதில் விலக்கு இல்லை.

சுரப்பை ஆள்வது நம் விருப்பமன்று, தன்னியங்கு நரம்புகள். நாயின் கன்னத்தில் குழாயைப் பொருத்தி, உணவு வருமுன்னரே உமிழ்நீர் ஊறுவதை ஆராய்ந்தவர் ருஷிய அறிஞர் பாவ்லவ். செரிமான ஆராய்ச்சிக்காக அவர் 1904இல் நோபல் பரிசு பெற்றார். மாங்காயின் பெயர் கேட்டு வாயூறியதும் அவ்வகையினதே. அச்சமோ இதற்கு நேர்மாறு, வாயை உலர்த்திவிடும். பண்டைய தர்ம நூல்கள் கூறும் சோதனைகளுள் 'தண்டுலம்' என்று ஒன்று உண்டு. ஐயத்துக்குரியவனிடம் அரிசியை மெல்லக் கொடுத்து, அவன் உமிழ்வதில் குருதி தென்பட்டால் குற்றவாளி என்பர். உலர்ந்த வாயில் அரிசி கீறுவது இயல்பே. ஆயின் குற்றமற்றவனும் அஞ்சுவான் அல்லவா? எத்தனை பேர் தங்கள் உமிழ்நீராலேயே காட்டிக் கொடுக்கப்பட்டார்களோ!

அச்சத்தைப் போலவே வாயை உலர்த்தும் பொருள்களும் உண்டு. வேலியோரத்து ஊமத்தை அவற்றுள் ஒன்று. அதிலுள்ள நஞ்சு, சுரப்பிக்கு வரும் நரம்புச் செய்தியை இடைமறித்து நிறுத்துகிறது. அதே வகையில் மென்மையாக இடைமறிக்கும் மருந்துகள் பல, மருந்துக் கடையில் நாள்தோறும் விற்பனையாகின்றன. ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில, சிறுநீர் அடிக்கடி பிரிவதைத் தடுக்கும் சில. ஒவ்வொன்றும் தன்னளவில் பயனுள்ளதே. ஒருவரே மூன்றையும் விழுங்கும்போதுதான் வாய் பாலையாகிறது.

எமது பெரியப்பா செய்துகொண்டிருந்தது அதுதான்.

விடுப்பெடுத்துக்கொண்டு சித்தூர் சென்று சேர்ந்த அன்றிரவு, அவர் உண்பதை அருகிருந்து பார்த்தோம். ஒரு கவளத்துக்கு ஒரு மிடறு நீர். கீழ்ப்பல் தொகுதி வாயில் நில்லாமல் வழுக்கியது. பல்தொகுதியைப் பற்றி நிறுத்துவதும் உமிழ்நீரின் மெல்லிய படலமே என்பதை அன்று அறியோம். நாக்கு வறண்டு வெடித்திருந்தது. இரவில் நான்கு முறை எழுந்து செம்பைத் தேடினார். எம்மை வருத்தியது வேறொன்று. வாழ்நாளெல்லாம் மாணவர்க்கு ழகரம் சொல்லிக் கொடுத்த அவருக்கு அவ்வெழுத்து வரவில்லை. "பழம்" என்று சொல்லப் புகுந்தவர் பாதியில் நிறுத்தி, நீர் பருகி, மறுபடி சொன்னார். எம்மைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

மறுநாள் திருப்பதிக்கு அழைத்துச் சென்றோம். 1960இல் அங்கே மருத்துவக் கல்லூரி தோன்றியது முதல் சுற்றுப்புற ஊர்களிலிருந்து மருத்துவம் நாடுவோர் அந்நகருக்குச் செல்வது வழக்கம். மருத்துவர் முதியவர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். "வீட்டில் உள்ள மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொன்னேனே, எங்கே?" என்றுதான் தொடங்கினார். பையைக் கவிழ்த்தோம். தும்மலுக்கு ஒருவர் எழுதியது, உறக்கமின்மைக்கு மற்றொருவர் எழுதியது, இரவில் சிறுநீருக்காக எழுவதைத் தவிர்க்க மூன்றாமவர் எழுதியது. மூவரும் ஒருவரையொருவர் அறியார். பெரியப்பாவும் ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்டியவர் அல்லர்.

மருத்துவர் நாவை உயர்த்தச் சொன்னார். அதன் அடியில் தேங்கி நிற்க வேண்டிய நீர் இல்லை. தாடையடியை விரலால் மெல்ல அழுத்தி, மடைவாயில் துளி எழுகிறதா என்று பார்த்தார். நெடுநேரம் கழித்து ஒரு துளி எழுந்தது. "சுரப்பி உயிரோடு இருக்கிறது, ஆணைதான் வரவில்லை" என்றார். குருதிச் சர்க்கரையைச் சோதித்தார். நீரிழிவும் வாயை உலர்த்தும். கண் எரிகிறதா, மூட்டு வலிக்கிறதா என்று வினவினார். உடலின் காவல் படையே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஷோகிரன் 1933இல் விரிவாக விளக்கியது அது. தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு பெற்றவர்க்குச் சுரப்பியே கருகிப் போவதுண்டு என்றும், அவர்களுக்கு இவ்வளவு எளிதில் மீட்சி இல்லை என்றும் கூறினார்.

பிறகு ஒரு மாத்திரையை நிறுத்தினார், ஒன்றை மாற்றினார், ஒன்றின் அளவைக் குறைத்தார். நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் செய்ததை நாமே வீட்டில் செய்வது கூடாது. சில மாத்திரைகளைத் திடுமென நிறுத்தினால் வேறு கேடு விளையும். அடிக்கடி சிறிது நீர், சர்க்கரை சேராத மெல்லும் பண்டம், புளோரைடு கலந்த பற்பசை ஆகியவற்றையும் சொன்னார். வெற்றிலை பாக்குப் போட்டால் நீர் ஊறுமே என்று பெரியப்பா கேட்டார். ஊறும் என்பது உண்மைதான். பாக்கில் சுரப்பைத் தூண்டும் பொருள் உண்டு. ஆனால் பாக்குப் புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்திருப்பதை மருத்துவர் எடுத்துச் சொல்லி, கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

வெளியூரில் வாழும் நாம் ஊருக்குப் பேசும்போதெல்லாம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறோம். வாய் உலர்கிறதா, விழுங்குவதற்கு நீர் வேண்டியிருக்கிறதா, எத்தனை மாத்திரை, யார் யார் எழுதியவை என்று கேட்பதில்லை. நாமும் கேட்டோம் அல்லோம். முதுமை என்றும் துயரம் என்றும் நாமே பெயர் சூட்டிவிட்டோம். முதுமையினால் மட்டுமே வாய் இவ்வளவு உலர்வதில்லை என்று அம்மருத்துவர் சொன்னபோது எமக்குத் தலை நிமிரவில்லை.

ஏறத்தாழ ஆறு வாரம் சென்றது. ஒரு ஞாயிறு மாலை தொலைபேசி மணி ஒலித்தது. அவரே அழைத்திருந்தார். கீழ்வரிசையில் எஞ்சியிருந்த இரண்டு சொந்தப் பற்களை மருத்துவர் பிடுங்கிவிட்டார் என்றும், உலர்ந்திருந்த மாதங்களில் அவை வேரோடு சொத்தையாகிவிட்டன என்றும் முதலில் சொன்னார். பிறகு, வாசலில் மாங்காய் வண்டி வந்ததாகவும், கடிக்கப் பல் இல்லாததால் மெல்லிய கீற்றாகச் சீவி வாங்கி, உப்புக் காரத்தோடு வாயில் ஒதுக்கிக் கொண்டதாகவும் சொன்னார். காதடியில் சுருக்கென்றதாம். சட்டையில் வழிந்ததாம்.

"கிழவன் வாயில் எச்சில் ஒழுகுகிறது என்று எதிர்வீட்டுப் பிள்ளை சிரிக்கிறான்" என்றார். ழகரம் பிசகவில்லை.